ஒரே ஒழுங்கையில் வளர்ந்த இரண்டு பேர்: உடல், சுபாவம், பால்நிலை மூன்றையும் பிரித்து விளங்கிக்கொள்வது எப்படி

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் பெடியன்களோடு சேர்ந்து டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடிய பெண் பிள்ளைகள் என்று அயலவர்கள் கணக்கு வைத்திருந்தது இரண்டு பேரை. ஒன்று நான், மற்றது என் பெரியம்மாவின் கடைசிப் பிள்ளை, என்னைவிட இரண்டு வயது இளையது. இரண்டு பேருக்கும் ஒட்ட வெட்டிய தலைமுடி, இரண்டு பேருக்கும் பாவாடை பிடிக்காது, விழுந்தால் அழமாட்டோம், யாராவது அடித்தால் திருப்பி அடிப்போம். "இதுகள் ரெண்டும் பெடியனாப் பிறந்திருக்க வேணும்" என்று அம்மம்மா சொல்லாத நாள் இல்லை. இன்றைக்கு நான் நாற்பது வயது தாண்டிய பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், இன்னும் பாவாடை பிடிக்காது. மற்றவர் என் தம்பி. அப்போது எல்லோரும் அவனைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டோம், ஆனால் இதில் முழுக்கத் தம்பி என்றே எழுதுகிறேன், எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி தான் ஆண் என்று சொன்ன விஷயம் சொந்தக்காரருக்குத் தெரிந்த பிறகு, என்னிடம் ரகசியமாக வந்து கேட்ட தாய்மார் பல பேர். "என்ட மகன் எந்த நேரமும் குசினியிலதான் நிக்கிறான், சட்டென்று அழுறான், அவனும் இப்படியா?" "என்ட மகள் ஆம்பிளைச் சேர்ட்தான் போடுவன் எண்டு நிக்கிறாள், இப்பவே ஏதாவது செய்யவேணுமா?" பயந்துபோய்க் கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே கேள்வியாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. இந்த உடல் எப்படி அமைந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. இந்த ஆளின் சுபாவம் என்ன, மென்மையா முரடா, கூச்சமா துணிச்சலா என்பது இன்னொன்று. இவர் தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாகவா, இரண்டுக்கும் அடங்காத ஒருவராகவா என்பது மூன்றாவது, இதைத்தான் பால்நிலை அடையாளம் என்கிறோம். முதல் இரண்டில் எதைத் தெரிந்துகொண்டாலும் அதை வைத்து மூன்றாவதுக்கு விடை சொல்ல முடியாது. இது பழக்கத்துக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும், ஆனால் பழக்கத்துக்கு வர நாளெடுக்கும், எனக்கும் எடுத்தது.

உடலில் இருந்து தொடங்குங்கள்

உடல் மட்டுமாவது நேரான விஷயம், குரோமோசோம் எக்ஸ் எக்ஸ் என்றால் பெண், எக்ஸ் வை என்றால் ஆண் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பெரும்பாலானவர்களுக்கு அது சரி. ஆனால் உடற்பால் ஒரே பொருளால் ஆனதல்ல, பல படிகளில் கட்டப்படுவது. கரு கிட்டத்தட்ட ஆறு வாரம் ஆகும் வரைக்கும் ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் உறுப்புகளின் தொடக்கம் ஒன்றாகத்தான் இருக்கும், இரண்டு வழியிலும் போகக்கூடிய அடித்தளம் அது. அதற்குப் பிறகு வை குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்வை என்ற மரபணு, அதை 1990 இல்தான் கண்டுபிடித்தார்கள், வேலைசெய்யத் தொடங்கினால் விரைகள் உருவாகும், அவை ஹோர்மோனைச் சுரக்கும், அந்த ஹோர்மோனை உடலின் கலங்கள் ஏற்றுக்கொண்டால் ஆண் உறுப்புகள் வளரும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் வேறு மாதிரி அமையலாம். எக்ஸ் வை இருந்தும் கலங்கள் அந்த ஹோர்மோனை ஏற்காவிட்டால் பிறப்பது பார்வைக்கு முழுப் பெண் குழந்தை, பதினாறு வயதாகியும் பிள்ளை பெரிய பிள்ளையாகவில்லையே என்று வைத்தியரிடம் கூட்டிப்போகும்போதுதான் தெரியவரும். எக்ஸ் எக்ஸ் வை என்று மூன்றோடு பிறக்கும் ஆண்கள் இருக்கிறார்கள், கல்யாணமாகிப் பிள்ளை இல்லையென்று பரிசோதனைக்குப் போகும் வரைக்கும் பலருக்கு அது தெரியாது. இப்படியானவர்களை ஊடுபால் என்கிறோம். திருநர் வேறு, ஊடுபால் வேறு. ஊடுபால் என்பது உடலைப் பற்றிய சொல், திருநர் என்பது பிறந்தபோது மற்றவர்கள் சொன்ன பாலோடு தங்கள் உணர்வு பொருந்தாதவர்களைக் குறிக்கும் சொல்.

இதைத் தமிழருக்கு விளங்கப்படுத்த எனக்குச் சாந்தி சௌந்தரராஜனின் கதையைவிட வேறு தேவையில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடிய வீராங்கனை. 2006 இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். ஆணா பெண்ணா என்று பார்க்கும் பாற்சோதனையில் தோற்றார் என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஊசியால் எடுத்த இரத்தம் ஒன்றைச் சொல்லியிருக்கலாம், ஆனால் தான் பெண் என்பதில் சாந்திக்கு அதற்கு முன்னும் சந்தேகமில்லை, பின்னும் இல்லை. முதலாவது கேள்விக்கான விடையை எடுத்து மூன்றாவது கேள்விக்கு மேல் ஒட்டினால் ஒரு மனுசிக்கு என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட வலிக்கிற சாட்சி எனக்குத் தெரியாது.

சுபாவத்தை அதன் இடத்தில் வையுங்கள்

ஆண் என்றால் துணிச்சல், பெண் என்றால் பொறுமை என்ற கணக்கு எங்கள் வீடுகளில் சோற்றோடு சேர்த்து ஊட்டப்படுகிறது. சராசரி எடுத்தால் சில வித்தியாசங்கள் இருக்கத்தான் செய்கின்றன, அதை இல்லையென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சராசரி என்றால் என்ன என்று விளங்க வேண்டும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, நிற்கிறவர்களின் உயரத்தைப் பாருங்கள். ஆண்கள் சராசரியாக உயரம்தான், ஆனாலும் பக்கத்தில் நிற்கும் ஆணைவிட உயரமான பெண் ஒருத்தியாவது அதில் இருப்பாள், அதற்காக அவளை ஆண் என்று யாரும் சொல்வதில்லை. குணங்களில் பெரும்பாலானவற்றில் உள்ள வித்தியாசம் உயரத்தில் உள்ளதைவிட எவ்வளவோ சிறியது. உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005 இல், ஏற்கெனவே பல ஆய்வுகளைத் திரட்டிச் செய்யப்பட்ட 46 பெரிய பகுப்பாய்வுகளை எடுத்துப் பார்த்து, ஆணும் பெண்ணும் பெரும்பாலான உளவியல் அளவுகளில் ஒத்துப்போகிறார்கள் என்று காட்டினார். பெரிய வித்தியாசம் தெரிந்த சிலவற்றில் ஒன்று பந்தை எறியும் வேகம். எங்கள் ஒழுங்கையில் எல்லையில் இருந்து நேராக விக்கெட்டுக்கு எறிந்தது நான்தான்.

அதற்கு முன்பே, 1974 இல், சாண்ட்ரா பெம் என்ற உளவியலாளர் ஆண்தன்மை, பெண்தன்மை என்று சொல்லப்படும் குணங்களை ஒரே கோட்டின் இரண்டு முனைகளாக வைக்காமல் தனித்தனியாக அளந்தார். ஒரே ஆளிடம் இரண்டும் கூடுதலாக இருக்கலாம், இரண்டும் குறைவாகவும் இருக்கலாம். தாயுமானவன் என்று கடவுளுக்கே பெயர் வைத்து, பாதி உடம்பில் உமையை வைத்துக் கும்பிடுகிற எங்களுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது, ஆனாலும் மகன் அழுதால் "பொம்பிளை மாதிரி அழாதே" என்கிறோம்.

ஆகவே மகன் மாப்பிசைந்து ரொட்டி சுடுகிறான், கவிதை எழுதுகிறான், சண்டைக்குப் போகமாட்டான் என்றால் அது அவனுடைய சுபாவம், அவ்வளவுதான். அதை வைத்து அவன் பெண் என்று நீங்கள் முடிவுகட்டினால் தவறு, அதை அடித்துத் திருத்தி ஆம்பிளை ஆக்கப் பார்த்தாலும் தவறு. இது மறுபக்கமும் பொருந்தும். என் தம்பி படம் பார்த்து அழுவான், பூனைக்குட்டிக்கு மருந்து போடக் கை நடுங்குவான், என்னைவிட நன்றாகச் சமைப்பான். "இவ்வளவு மென்மையாய் இருக்கிறாய், நீ எப்படி ஆம்பிளை?" என்று கேட்ட சொந்தக்காரர் உண்டு. மென்மையான ஆண்கள் எங்கள் குடும்பத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பெரியப்பாவே அப்படித்தான், அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. திருநங்கை என்றால் நளினமாக நடக்க வேண்டும், என் தம்பி போன்ற திருநம்பி என்றால் முரடனாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, மற்றவர்களிடம் கேட்காத பரீட்சையை அவர்களிடம் மட்டும் கேட்பது.

யாரை விரும்புகிறார் என்பது இதற்கெல்லாம் வெளியே இன்னொரு தனிக் கேள்வி. அதையும் இதற்குள் கலக்காதீர்கள்.

சரி, அப்போ மூன்றாவதை எப்படித் தெரிந்துகொள்வது

எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் எங்கே தெரிந்தது என்று யோசித்தால் எனக்கு ஞாபகம் வருவது கிரிக்கெட் இல்லை, சாமத்தியச் சடங்கு. என்னுடையதை வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்துச் செய்தார்கள். கனமான சேலை, தலை நிறையப் பூ, முகத்தில் ஒரு அங்குலப் பவுடர், நாள் முழுக்க எனக்குப் புழுக்கமும் கோபமும். ஆனால் என் கோபம் எல்லாம் சேலை மேலேயும் போட்டோக்காரர் மேலேயும்தான். உடம்பில் நடந்த மாற்றம் எனக்கு வேறு யாருக்கோ நடந்தது போல இருக்கவில்லை, அது தொல்லையாக இருந்தாலும் என்னுடைய உடம்புதான். இரண்டு வருடம் கழித்துத் தம்பிக்குச் செய்தார்கள். அவன் எதிர்க்கவேயில்லை, சொன்னபடி நின்றான், சொன்னபடி சிரித்தான். அதன் பிறகு பல நாள் யாரோடும் கதைக்கவில்லை. அல்பம் வந்தபோது எல்லோரும் சுற்றி இருந்து பார்த்தார்கள், அவன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். பிறகு கொழும்பு வெயிலில் உள்ளே ஒரு பெனியன், மேலே ஒரு பெரிய சேர்ட் என்று போட்டுக்கொண்டு திரிந்தான், விளையாட வருவதை நிறுத்தினான். நான் நினைத்தேன், வெட்கப்படுகிறான் என்று. அவன் பெரியவனானதும் ஒரு நாள் காலி முகத்திடலில் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, அந்த அல்பத்தில இருக்கிறது நான் இல்லை. உங்களுக்குச் சேலைதான் பிடிக்கேல்ல. எனக்கு அந்தப் பிள்ளையே நான் இல்லை."

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பெண் என்ற பெயரில் என் மேல் சுமத்திய கடமைகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்குக் கடமைகளை எல்லாம் எடுத்துவிட்டாலும் பெண் என்ற சொல்லே பொருந்தவில்லை. வெளியே இருந்து பார்த்தவருக்கு இரண்டும் ஒரே மாதிரி.

இந்த உணர்வை வளர்ப்பினால் மட்டும் உருவாக்கிவிட முடியாது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கனடாவில் 1965 இல் இரட்டையரில் ஒருவராகப் பிறந்த டேவிட் ரெய்மர் என்ற ஆண் குழந்தையின் உறுப்பு, சில மாதங்களில் நடந்த ஒரு சத்திரசிகிச்சைத் தவறால் அழிந்துபோனது. ஜோன் மணி என்ற உளவியலாளரின் ஆலோசனைப்படி அந்தக் குழந்தையைப் பெண் பெயரோடு, பெண் உடுப்போடு, பெண்ணாகவே வளர்த்தார்கள். ஒத்துவரவில்லை. பதினான்கு வயதில் உண்மையைச் சொன்னதும் அவர் ஆணாக வாழத் தொடங்கினார், பட்ட காயம் ஆறாமலே 2004 இல் இறந்தார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து சொன்னாலும் ஒரு பிள்ளை தான் யாரென்பதை மாற்றிவிட முடியாது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். தேசிக்காய் வெட்டியும் நூல் கட்டியும் மாற்ற முடியாது. எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது.

இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது. ஆகவே இருக்கிற ஒரே வழி கேட்பது, கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பது. உங்கள் பிள்ளை என்றால், "எனக்குப் பெடியன்களின் சப்பாத்து வேணும்" என்பதையும் "நான் பெடியன்" என்பதையும் வேறுபடுத்திக் கேளுங்கள். முதலாவதுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் போதும். இரண்டாவதை ஒரு முறை விளையாட்டாகச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு, வருடக்கணக்காக மாறாமல் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. உடம்பு மாறத் தொடங்கும் வயதில் அந்த வேதனை கூடினால், பிள்ளை குளிக்கும்போது வெளிச்சத்தை அணைத்தால், பள்ளிக்கூடத்துக்குப் போக மறுத்தால், கவனியுங்கள். எதுவானாலும் அவசரப்பட்டுப் பெயர் சூட்டாதீர்கள். நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய விடை அல்ல அது, பிள்ளை சொல்லும்போது வீட்டில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்களைப் பற்றியே உங்களுக்குக் கேள்வி என்றால், எனக்குத் தம்பி சொல்லித்தந்த ஒரு வழி இருக்கிறது. வயதாகிப்போன உங்களை நினைத்துப் பாருங்கள், உடுப்பு, உடம்பு எதையும் யோசிக்காமல். ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறுகிறது. அது உங்களை அப்பம்மா என்று கூப்பிட்டால் மனம் அந்தப் பக்கம் திரும்புகிறதா, அப்பப்பா என்று கூப்பிட்டாலா? எங்கள் முறைச்சொற்கள் ஒவ்வொன்றும் பாலைச் சுமந்துகொண்டு இருப்பதால் இது ஆங்கிலத்தில் யோசிப்பதைவிடக் கூர்மையாக வேலைசெய்கிறது. ஒரு நாளில் விடை வரவேண்டியதில்லை. இரண்டும் பொருந்தவில்லை என்பதும் ஒரு விடைதான்.

இது வருத்தமா என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் இதை மன நோய்களின் அத்தியாயத்தில் இருந்து எடுத்து, பாலியல் ஆரோக்கியம் சார்ந்த அத்தியாயத்தில் வைத்துவிட்டது. மனநல வைத்தியரிடம் போவது பைத்தியம் என்பதால் அல்ல, கூட இருந்து யோசிக்க ஒருவர் தேவை என்பதால். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். கொழும்பில் 2004 முதல் ஈக்குவல் கிரவுண்ட் என்ற அமைப்பும் இந்த விஷயங்களில் வேலைசெய்கிறது. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், ஹோர்மோன் மாத்திரைகளைப் பார்மசியில் வாங்கித் தானாகப் போடாதீர்கள், இரத்தம் கட்டிபடும் ஆபத்து உண்டு. இலாஸ்டிக் பண்டேஜால் நெஞ்சை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தம்பி அதைச் செய்து மூச்சு எடுக்க முடியாமல் ஒரு நாள் பஸ்ஸிலேயே மயங்கினான்.

காகிதங்கள்

இங்கே அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பால் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிறந்த வருடத்துக்கு அடுத்த மூன்று இலக்கங்கள் வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். தாடி வைத்த ஒருவர் கவுண்டரில் 500க்கு மேற்பட்ட எண்ணோடு நின்றால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள், தம்பி பல வருடம் அப்படி நின்றான். 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மனநல மருத்துவ நிபுணர் ஒருவர் பார்த்து, பால்நிலையை அங்கீகரிக்கும் சான்றிதழ் தரலாம். அதைக் கொண்டு பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, பிறகு அடையாள அட்டைக்குப் போகலாம். நடக்க வேண்டிய நடை கொஞ்சமல்ல, ஆனால் வழி இருக்கிறது.

கூப்பிடும் முறை

இதுதான் எல்லோரும் இடறும் இடம். எழுத்தில் "அவர்" என்று போட்டால் பொதுவாகிவிடும், ஆனால் எங்கள் பேச்சில் ஆணுக்கு "அவர் வந்தவர்", பெண்ணுக்கு "அவ வந்தவ", மரியாதையிலும் பால் ஒளிந்துகொள்ள முடியாது. அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். நான், நீ, நீங்கள் மூன்றுக்கும் தமிழில் பால் இல்லை. ஒருவரோடு முகத்துக்கு நேரே கதைக்கும்போது முறைச்சொல்லைத் தவிர வேறு எங்கும் நீங்கள் ஆணா பெண்ணா என்று முடிவுசெய்யத் தேவையில்லை. அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிக் கதைக்கும்போதுதான் வினைச்சொல்லே பாலைக் கேட்கிறது. ஆகவே பழக வேண்டியது அங்கேதான். நான் குசினியில் அம்மாவோடு கதைக்கும்போது "அவன் வந்தான், அவன் சொன்னான்" என்று சத்தமாகச் சொல்லிப் பழகினேன், முதல் சில மாதம் நாக்கு தடுக்கியது, தடுக்கினால் திருத்திவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன். நீட்டி மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது அவர்களுக்கு இன்னும் சங்கடம். எப்படிக் கூப்பிட என்று தெரியாவிட்டால் கேளுங்கள். ஒன்பது, அலி என்ற சொற்களைப் பகிடிக்கும் எடுக்காதீர்கள்.

பெரியம்மாதான் கடைசி வரைக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லாமல், முறை சொல்லாமல், "இஞ்ச வா", "சாப்பிட்டியா" என்று எந்தப் பாலும் வராமல் கதைத்துச் சமாளித்தவ. நேரில் இருக்கும்போது அது முடிந்தது. அம்மம்மா இறந்த அன்று மரண அறிவித்தல் போட வேண்டியிருந்தது, எங்கள் அறிவித்தல்கள் எப்படி என்று தெரியும்தானே, மகன்மார், மகள்மார், மருமக்கள், பேரன்மார், பேத்திமார் என்று ஒருவர் விடாமல் வரிசையாகப் போகும். பெரியம்மா தொலைபேசியில் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, பேரன்மாரின் கடைசியில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. அந்தப் பக்கத்தில் இருந்தவர் "அடுத்தது பேத்திமாரா அம்மா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"இல்லைத் தம்பி, பேரன்மாரில இன்னும் ஒரு ஆள் இருக்கு, எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவனுடைய புதுப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னா.